மூடிய பெட்டியும் திறந்த ஏடும்



மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டி நம் காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 1899 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 29 ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அண்மையில், கமில் ஜெனட்சி என்னும் பெல்ஜிய நாட்டவர் மின்கலங்களால் இயங்கிய வண்டியொன்றிலே மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் சென்றார். வீதியில் ஓடும் இன வண்டியொன்று மணிக்கு நூறு கிலோமீற்றர் என்னும் எல்லையைத் தாண்டியது அதுவே முதன்முறை. அந்நாளில் நீராவி வண்டி, பெற்றோல் வண்டி, மின்வண்டி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. பின்னர் பெற்றோல் மலிந்தது. 1908 ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனத்தின் மலிவான கார் வந்தது. 1912 ஆம் ஆண்டில், கைப்பிடியைச் சுழற்றாமலே பெற்றோல் இயந்திரத்தைத் தொடக்கும் மின்தொடக்கியும் வந்து சேர்ந்தது. மின்வண்டி மூலையில் ஒதுங்கியது. நூறாண்டு கழிந்தபின் அது இப்பொழுது மீண்டும் வீதிக்கு வந்திருக்கின்றது.

பெரிய தொழிற்சாலைகள் செய்து விற்கும் மின்வண்டிகளைப் பற்றி இன்று நான் பேச வரவில்லை. தம் வீட்டுக் கொட்டகையிலே பழைய பெற்றோல் கார் ஒன்றின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் மின்மோட்டார் ஒன்றைப் பூட்டி ஓட்டுகின்ற சிலரைப் பற்றியும், அவர்களுக்கு நெடுங்காலம் இடையூறாய் நின்ற ஒரு சிறு பெட்டியைப் பற்றியும், அந்தப் பெட்டியை அவர்கள் தாமே செய்துகொண்ட விதத்தைப் பற்றியுமே பேச விரும்புகின்றேன். நான் கலைப்பட்டதாரி, பொறியியலாளன் அல்லன். ஆயினும் ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையில், அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு செல்கின்றது என்பது என் தொழிலுக்குள் அடங்கிய பொருள். இக்கதை அடிப்படையில் அதைப் பற்றியதே.

மின்வண்டிக்கு வேண்டிய உறுப்புக்கள் பெரும்பாலும் நான்கு. ஒன்று, வண்டியின் உடல். அது பழைய கார் ஒன்றிலேயே இருக்கின்றது. இரண்டாவது, மோட்டார். பண்டகசாலைகளிலே பாரந்தூக்கும் வண்டிகள் மின்கலத்தால் ஓடுகின்றன அல்லவா? அவை பழுதாகிப் பழைய இரும்பு விலைக்கு வரும்போது அவற்றின் மோட்டார்களை வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது, மின்கலங்கள். ஈய அமில மின்கலங்கள் எங்கும் கிடைப்பவை. இலிதியம் மின்கலங்களும் இப்பொழுது பழைய வண்டிகளிலிருந்து கிடைக்கின்றன. நான்காவது உறுப்பே கட்டுப்படுத்தி என்னும் பெட்டி. மின்கலத்துக்கும் மோட்டாருக்கும் நடுவிலே அது நிற்கின்றது. ஓட்டுநர் காலால் மிதிக்கும் அளவை அறிந்து, அவ்வளவுக்கு ஏற்ப மின்னோட்டத்தை மோட்டாருக்கு விடுவது அதன் வேலை. முதல் மூன்றையும் தேடி எடுத்தவர்கள் இந்நான்காவதன் முன்னே திகைத்து நின்றார்கள். அதன் விலை உயர்ந்தது. அதன் மூடி முத்திரையிடப்பட்டது. பழுதானால் திருத்துவதற்கு வழியில்லை.

அப்பெட்டிக்குள் நடப்பது யாது? வீட்டிலே தொங்கும் மின்விசிறியைக் கொண்டு அதை விளக்கலாம். பழைய காலத்து விசிறிகளுக்குச் சுவரிலே கனத்த பெட்டி ஒன்று இருந்ததை முதியோர் அறிவர். விசிறியை மெதுவாய்ச் சுழல விட்டால் அப்பெட்டி சூடேறும். அதற்குள்ளே தடைக்கம்பிச் சுருள்கள் இருந்தன. விசிறிக்கு வேண்டாத மின்வலுவை அவை வெப்பமாக்கிச் சுவரிலே கழித்துவிட்டன. விசிறி சிறியதாகையால் அந்த நட்டம் பெரிதாய்த் தோன்றவில்லை. காரிலோ கணக்கு மாறுகின்றது. 144 வோல்ற்று மின்கலத் தொகுதி ஒன்றிலிருந்து, 72 வோல்ற்று அழுத்தத்தில் 100 அம்பியர் மின்னோட்டம் மோட்டாருக்குத் தேவை என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 72 வோல்ற்றையும் தடைக்கம்பி தாங்கவேண்டும். 72 ஐ 100 ஆற் பெருக்கினால் 7200 வாற்று. 1500 வாற்று மின்னடுப்புக்கள் ஏறத்தாழ ஐந்தைக் காருக்குள்ளே எரியவிட்டதற்கு அது சமம். மின்கலத்திலிருந்து எடுத்ததிற் சரிபாதி வீணாகின்றது. முதற்காலத்து மின்வண்டிகள் இத்தகைய தடைகளையும், மின்கலங்களைத் தொடராகவும் சமாந்தரமாகவும் மாற்றியிணைக்கும் ஆளிகளையும் கொண்டே ஓடின.

இதற்கு மாற்றாக வந்த வழி மிக எளியது, ஆனால் வியப்புக்குரியது. மின்னோட்டத்தை அரைகுறையாய்த் தடுத்து நிறுத்த வேண்டா. முழுவதும் திறந்துவிடுக, உடனே முழுவதும் மூடிவிடுக, மறுபடி திறக்க, மறுபடி மூடுக. இவ்வாறு ஒரு செக்கனிற் பல்லாயிரம் முறை செய்தால், மோட்டார் அந்தத் திறப்பையும் மூடலையும் தனித்தனியே உணர்வதில்லை. திறந்திருந்த நேரமும் மூடியிருந்த நேரமும் சமமாயின், 144 வோல்ற்றின் பாதியாகிய 72 வோல்ற்றே தனக்கு வந்ததுபோல அது ஓடும். சைக்கிள் மிதிப்பவன் இடையிடையே காலை நிறுத்தினாலும் சில்லு நிற்பதில்லை அன்றோ? அதுபோலவே, மோட்டாரின் கம்பிச் சுருள்களில் ஓடும் மின்னோட்டமும் நினைத்தவுடன் நின்றுவிடுவதில்லை. ஆளி மூடிய வேளையில் அம்மின்னோட்டம் சுற்றிவருவதற்கு இருவாயி என்னும் ஒருவழிக் கதவு ஒன்றை அமைத்துக் கொடுக்கின்றனர். அவ்வழி இல்லையேல், தடைப்பட்ட வெள்ளம் அணையை உடைப்பதுபோல, மின்னழுத்தம் ஒரு கணத்திலே மிக உயர்ந்து ஆளியை அழித்துவிடும்.

இம்முறையின் பயனைக் கணக்கிலே பாருங்கள். மோட்டாருக்குள் 100 அம்பியர் ஓடுகின்றது. மின்கலத்திலிருந்து சராசரியாக எடுக்கப்படுவதோ, சிறு இழப்பை நீக்கிப் பார்த்தால், 50 அம்பியர் மட்டுமே. தடைக்கம்பியை வைத்தபோது 100 அம்பியர் சென்றது. ஒரே மின்கலத்தில் வண்டி ஏறத்தாழ இருமடங்கு நேரம் அவ்வேகத்தில் ஓடும்.

ஆனால் ஒரு செக்கனிற் பல்லாயிரம் முறை திறந்து மூடக்கூடிய ஆளியை எந்தக் கொல்லனும் உலோகத்தால் அடித்துச் செய்ய முடியாது. அசையும் உறுப்பு எதுவுமே இல்லாத ஆளி வேண்டும். அதைக் கொடுத்தது இலத்திரனியல். 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிஸ்டர் பிறந்தது. 1959 இல் அதே ஆய்வுகூடத்தில், எகிப்திற் பிறந்த முகம்மது அத்தல்லாவும் கொரியாவிற் பிறந்த தாவோன் காங்கும் மொஸ்பெற் எனப்படும் திரான்சிஸ்டர் வகையைச் செய்து காட்டினர். பின்னர் 1980 களின் தொடக்கத்திலே, மிகுந்த அழுத்தத்தையும் மிகுந்த மின்னோட்டத்தையும் ஒருங்கே தாங்கும் ஐ.ஜி.பி.ற்றி என்னும் ஆளி அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாயிற்று. அதை ஆக்கியவர் ஜயந்த் பாலிகா. அவர் 1948 இல் சென்னையிற் பிறந்து, சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969 இற் பட்டம் பெற்றவர். பின்லாந்து நாட்டின் மிலேனியம் தொழினுட்பப் பரிசு 2024 ஆம் ஆண்டில் அவருக்கு வழங்கப்பட்டது. இன்று மின்வண்டிகள் பலவற்றின் இதயத்திலே அவருடைய ஆளி திறந்து மூடிக்கொண்டிருக்கின்றது.

இவ்வாளிகளைக் கடையில் வாங்கலாம். அவற்றுக்குக் கட்டளையிடும் சிறு கணினிச் சில்லும் மலிந்த விலைக்குக் கிடைக்கின்றது. ஆதலின் கட்டுப்படுத்தியை வீட்டிலே செய்யலாகாதா என்ற வினா எழுவது இயல்பே. 2008 ஆம் ஆண்டளவிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மின்வண்டி ஆர்வலர் சிலர் அவ்வினாவை எழுப்பி, விடையையும் தேடத் தொடங்கினர். ஓப்பன் ரிவோல்ட் என்று பெயர் பெற்ற அவர்களது கட்டுப்படுத்தி, 144 வோல்ற்று அழுத்தத்தையும் 500 அம்பியர் மின்னோட்டத்தையும் இலக்காகக் கொண்டது. நேரோட்ட மோட்டார்களுக்கு உரியது அது. அதன் பின்னர் ஜெர்மனியில் எழுந்த ஓப்பன் இன்வேட்டர் என்னும் முயற்சி ஆடலோட்ட மோட்டார்களை எடுத்துக்கொண்டது. மின்கலத்தின் நேரோட்டத்தை ஆறு ஆளிகளாற் பகுத்து, மூன்று கம்பிகளிலே மாறிமாறி எழும் அலைகளாக்கி மோட்டாருக்கு அனுப்புவது அதன் வேலை. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பெஞ்சமின் வெடர் ஆக்கிய வெஸ்க் என்னும் கட்டுப்படுத்தி, சிறிய மின்பலகை வண்டிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது.

இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. சுற்றின் வரைபடம், உறுப்புக்களின் பட்டியல், சில்லுக்குள் எழுதிய கட்டளைகள் ஆகியவற்றை ஆக்கியோர் மறைக்கவில்லை. யாரும் எடுத்துப் படிக்கலாம், செய்யலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இதனைத் திறந்த மூலம் என்பர். இக்கொள்கைக்குக் கணினித் துறையிலே அடியிட்டவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்ட் ஸ்டோல்மன். 1983 இல் அவர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989 இல் அதற்கென ஓர் உரிமப் பத்திரத்தை வகுத்தார். அப்பத்திரத்தின் சாரம் இதுதான்: நான் கொடுத்ததை நீ எடுத்துத் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது, நான் உனக்குத் திறந்து கொடுத்ததுபோல நீயும் திறந்தே கொடுக்கவேண்டும். பெற்றவன் கதவைச் சாத்தக்கூடாது என்பதே அதன் ஒரே நிபந்தனை எனலாம்.

நம் மரபிலே இதற்கு எதிரான வழக்கமும் உண்டு. இதனை ஒத்த வழக்கமும் உண்டு. எதிரானதை முதலிற் சொல்லுகின்றேன். சித்த வைத்திய ஏடுகள் பலவற்றிலே மருந்துப் பெயர்கள் பரிபாஷையால் எழுதப்பட்டுள்ளன. குருவின் வாய்மொழி இன்றி அவற்றுக்குப் பொருள் காண்பது அரிது. தகுதியற்றவன் கையிலே மருந்து நஞ்சாகிவிடும் என்னும் அச்சம் அவ்வாறு எழுதியதற்கு ஒரு காரணமாகலாம். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் குரு மறைந்து, சீடனும் இல்லாது போன இடத்தில், ஏடு கையில் இருந்தும் மருந்து இல்லையாயிற்று. பூட்டிய பெட்டியின் திறவுகோல் தொலைந்துபோயிற்று.

ஒத்த வழக்கத்துக்குச் சான்று நம் தலைமுறையிலேயே இருக்கின்றது. 1990 களில் பெற்றோலும் மின்சாரமும் கிடைக்காதிருந்த வட இலங்கையில், மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயை உள்ளே விடும் அவ்வுபாயத்தைக் கண்டவர் யார்? எவரும் உரிமை கோரவில்லை. ஒரு கராஜிலிருந்து இன்னொரு கராஜுக்கு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அது சென்றது. அந்நாளிலேயே சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர் நம் மக்கள். இதனைக் கேட்கும் நேயர்களிற் சிலர் அச்சில்லைச் சுழற்றியவர்களாகவே இருக்கக்கூடும். சுழற்றினால் மின்சாரம் தருவது தைனமோ. மின்சாரம் தந்தால் சுழல்வது மோட்டார். இரண்டும் ஒரே தத்துவத்தின் இரு முகங்கள். ஆதலாற்றான் மின்கார் இறக்கத்தில் இறங்கும்போது, தக்க கட்டுப்படுத்தி இருந்தால், அதன் மோட்டார் தைனமோவாக மாறி மின்கலத்துக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கின்றது. நம் வீட்டு முற்றத்தில் அன்று நடந்ததுதான் இன்று அவ்வண்டிக்குள் நடக்கின்றது.

ஆனால் இவ்விரண்டு வழக்கங்களுக்கும் இடையே நாம் கவனிக்கவேண்டிய குறை ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் உபாயம் திறந்த அறிவாயிருந்தும், எழுதப்பட்ட அறிவாய் அமையவில்லை. எந்த இயந்திரம் எத்தனை நாளிற் கெட்டது, எந்தக் குழாய் உருகியது, எம்மாற்றம் பயன் தந்தது என்பவற்றை அளந்து எழுதி வைத்தவர் அரியர். வாய்மொழி அறிவு விரைவாய்ப் பரவும். ஆனால் வளர்வது மெதுவாகவே. ஒவ்வொருவரும் தொடக்கத்திலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும். திறந்த மூலத்தின் சிறப்பு திறந்திருப்பதில் மட்டும் அடங்கவில்லை. அங்கே தோல்வியும் எழுதப்படுகின்றது. கட்டுப்படுத்தி செய்தவர்கள், எரிந்துபோன திரான்சிஸ்டரைக் குப்பையிற் போடுமுன், அது எரிந்தபோது மின்னோட்டம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று குறித்து வைக்கின்றனர். அடுத்தவர் அந்த இடத்திலிருந்து தம் வேலையைத் தொடங்குகின்றார்.

தோல்வியை எழுதுவது ஏன் இத்துணை முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். 500 அம்பியர் மின்னோட்டத்தை ஒரு சிறு திரான்சிஸ்டர் தாங்காது. ஆகவே பத்துத் திரான்சிஸ்டர்களைப் பக்கம் பக்கமாய் வைத்து, ஒவ்வொன்றும் 50 அம்பியர் சுமக்குமாறு செய்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொன்றின் தடையும் ஓமின் நூறில் ஒரு பங்கு எனின், ஒவ்வொன்றிலும் எழும் வெப்பம் 25 வாற்று. அலுமினியத் தகடு அதனை ஏற்றுக் காற்றிலே விட்டுவிடும். ஆனால் பலகையிலே கம்பிகளை ஒழுங்கின்றி அமைத்ததனால் ஒரு திரான்சிஸ்டரின் மீது மட்டும் 100 அம்பியர் விழுந்தால், மின்னோட்டம் இருமடங்காக வெப்பமோ நான்கு மடங்காகி 100 வாற்றை எட்டும். அது எரியும். எரிந்தபின் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழ, அவையும் எரியலாம். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே கருகிக் கிடக்கும். முதலில் எரிந்தது எது, ஏன் எரிந்தது என்பது தெரியாது. ஒருவர் தனியே அக்கருகிய பலகையைப் பார்த்து விடை காண்பது கடினம். பலர் தத்தம் கருகிய பலகைகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது விடை புலப்படுகின்றது. ஒருவர் அறியாமல் விட்ட குறையை இன்னொருவர் கண் காண்கின்றது.

இனி, பரிபாஷையால் எழுதிய நம் பெரியோரின் அச்சத்துக்கு வருகின்றேன். திறந்து கொடுத்த அறிவு தகுதியற்றவன் கையிலே தீங்கு செய்யாதா? செய்யும். இதை மறைத்துப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று. நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்டம் ஆளைக் கொல்லும். அதன் தீப்பொறி, ஆடலோட்டத்தின் தீப்பொறியைப்போல எளிதில் அணைவதில்லை. கட்டுப்படுத்திக்குள்ளே இருக்கும் கொள்ளளவிகள், மின்கலத்தைக் கழற்றிய பின்னரும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கை வைப்பவனை அவை தாக்கும். இன்னொரு கேடு அதனிலும் பெரிது. மொஸ்பெற் வகை ஆளி பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய கதவாய் நிற்பதில்லை. திறந்த கதவாய் நின்றுவிடுகின்றது. அப்பொழுது ஓட்டுநர் காலை எடுத்தாலும் மோட்டார் முழுவலுவோடு ஓடும். கார் கட்டுக்கடங்காது பாயும்.

இக்கேட்டுக்குப் பரிகாரம் அத்திறந்த ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. மின்கலத்துக்கும் கட்டுப்படுத்திக்கும் நடுவிலே பெரிய மின்காந்த ஆளி ஒன்று வேண்டும்; ஓட்டுநர் ஒரு கையசைவில் அதைத் துண்டிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். நேரோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட உருகி ஒன்று வேண்டும். பெரிய ஆளியை மூடுமுன், சிறு தடையொன்றின் வழியாகக் கொள்ளளவிகளை மெல்ல நிரப்புதல் வேண்டும். அன்றேல் ஒரே கணத்திற் பாயும் மின்னோட்டம் ஆளியின் முனைகளை உருக்கி ஒட்டிவிடும். மிதியிலிருந்து வரும் கம்பி அறுந்தால், அதனை முழுவேகக் கட்டளை என்று சில்லு எண்ணிவிடக்கூடாது. பழுது என்று அறிந்து மோட்டாரை நிறுத்தவேண்டும். வண்டியைத் தொடக்கும்போது மிதி அழுந்தியிருந்தால், அதை விட்ட பின்னரே வண்டி அசையவேண்டும். இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு; அக்காரணமும் அங்கே சொல்லப்படுகின்றது. விதியை மட்டும் கற்றவன் அவசரத்தில் அதை மீறுவான். காரணத்தையும் கற்றவன் மீறத் தயங்குவான். நம் வகுப்பறைகளிலும் இவ்வுண்மையைக் காண்கின்றோம்.

ஆகவே, திறந்த அறிவு பொறுப்பற்ற அறிவு ஆகாது. வரைபடம் கையிற் கிடைத்துவிட்டது என்பதற்காக எவரும் நாளைக்கே காரைக் கழற்றத் தொடங்க வேண்டா. நம் நாட்டிலே வாகனமொன்றின் இயந்திரத்தை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுதலும் வேண்டும். வீதியிலே செல்லும் பிள்ளையின் உயிருக்கு அத்தடுப்பு அவசியமானது.

இவ்வளவையும் இலங்கைத் தமிழ் நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதன் நோக்கம் யாது? 2022 ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக இந்நாட்டு மக்கள் நாட்கணக்கில் வரிசையிற் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. எரிபொருளைப் பிற நாட்டிலிருந்து வாங்குவோர் அதற்கு அடிமையாவர் என்பதை அவ்வரிசை கற்பித்தது. அதன்பின் பலரும் மின்வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினர். ஆனால் அதற்கும் அப்பால் ஒன்றை நாம் சிந்திக்கவேண்டும். எரிபொருளை வாங்கிய கையாலே முத்திரையிட்ட பெட்டியை வாங்கினால், ஓர் அடிமைத்தனத்தை விட்டு மற்றொன்றிற் புகுந்தவர்களாவோம். பெற்றோல் இயந்திரத்தை நம் ஊர் மெக்கானிக் கழற்றினார், திருத்தினார், மண்ணெண்ணெயிலும் ஓட்டினார். அவ்வியந்திரம் அவருக்குத் திறந்த ஏடாய் இருந்தமையாலன்றோ அது முடிந்தது? பூட்டிய இலத்திரனியற் பெட்டி பழுதானால் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. முழுப்பெட்டியையும் கழற்றி எறிந்து, வேறு பெட்டி வாங்கச் சொல்வதைத் தவிர. தலைமுறை தலைமுறையாய் வந்த கைத்திறன் ஒன்று அந்தப் பெட்டியின் வாசலிலே நின்றுவிடும். ஓப்பன் இன்வேட்டர் முயற்சியில் உள்ளோர், பழுதான அல்லது விபத்துக்குள்ளான பிரியஸ், லீஃப் முதலிய கார்களின் கட்டுப்படுத்திகளை எடுத்து, உள்ளே கட்டளையிடும் பலகையை மட்டும் நீக்கித் தம்முடைய திறந்த பலகையை வைக்கின்றனர். அவ்வினக் கார்கள் நம் வீதிகளிலும் ஓடுகின்றன. அவை முதுமையடையும் நாளும் வந்துகொண்டிருக்கின்றது. அந்நாளில் அவற்றைத் திறக்க அறிந்தவர் நம்மிடையே இருப்பார்களா என்பதே என் கவலை.

க. பொ. த. உயர்தர வகுப்பில் 2013 ஆம் ஆண்டு முதல் தொழினுட்பத் துறை கற்பிக்கப்படுகின்றது. அத்துறை மாணவர்க்கு நான் பரிந்துரைப்பது காரை அன்று. 12 வோல்ற்று மின்கலம் ஒன்று, விளையாட்டு மோட்டார் ஒன்று, ஒரேயொரு மொஸ்பெற், ஓர் இருவாயி, மலிந்த நுண்கட்டுப்படுத்திச் சில்லு ஒன்று. இவை போதும். 500 அம்பியர் கட்டுப்படுத்தியிலே நிகழ்வது அனைத்தும் சிறு அளவில் இங்கேயும் நிகழும். உயிருக்கு ஆபத்தும் இல்லை. அம்மேசையின் மேல் ஒரு குறிப்பேடும் இருத்தல் வேண்டும். ஓடியதை எழுதுவதுபோல ஓடாததையும் அதில் எழுதவேண்டும். ஓடாததை எழுதிய மாணவனுக்குப் புள்ளி குறையாது என்ற உறுதியை ஆசிரியர் கொடுத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவன் அக்குறிப்பேட்டைப் படித்துவிட்டே ஆளியைத் தொடவேண்டும்.

அக்குறிப்பேடு தமிழில் இருக்கட்டும். திறந்த மூலத்தின் ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே உள்ளன. பெட்டிக்குப் பூட்டில்லை என்றாலும், மொழி அறியாத பிள்ளைக்கு அதுவும் ஒரு பூட்டே. நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. 1950 களிலும் 1960 களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளும், அவற்றின் வழிவந்த பாடநூல்களும் மின்னோட்டம், தடை, ஆளி முதலிய சொற்களை நம் மாணவரின் நாவிலே பழக்கிவிட்டன. அச்சொற்களைக் கொண்டு வேலை செய்வதே எஞ்சியிருக்கின்றது. ஆங்கிலம் அறிந்த ஆசிரியர் ஒருவர் ஒரு சுற்றின் விளக்கத்தைத் தமிழில் எழுதி, இன்னொரு பாடசாலைக்கும் அனுப்பிவைப்பாராயின், அப்பத்திரத்தின் நிபந்தனையை அவர் நிறைவேற்றியவராவார்: தமக்குத் திறந்து கொடுக்கப்பட்டதைத் தாமும் திறந்து கொடுத்தவராவார்.

ஆசிரியத் தொழிலும் அந்நிபந்தனையின் மேலேதான் நிற்கின்றது. நாம் கற்றவற்றுள் நாமே கண்டது சிறிது. பிறர் திறந்து வைத்ததே பெரிது. அதை அடுத்தவருக்கு மூடாது கொடுப்போமாக.